இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா? சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் பார்க்க வேண்டியவை

முதல் வேலை தேடுகிறவர்கள் வழக்கமாக மூன்று விஷயங்களை விசாரிப்பார்கள். பதவியின் பெயர் என்ன, சம்பளம் எவ்வளவு, கம்பெனி எப்படி. மூன்றும் தேவைதான். ஆனால் சேர்ந்த நாலே மாதத்தில் "இதுக்கா வந்தோம்" என்று நொந்துபோகிறவரைக் கேட்டுப் பாருங்கள். பெயரும் சம்பளமும் கம்பெனியும் அப்படியேதான் இருக்கும். அவர் விசாரிக்காமல் விட்டது நாலாவதாக ஒன்று: சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருப்பார்?

இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தெரிந்துகொள்வதற்குத்தான். மொத்தம் மூன்று வாரம் போதும். ஒரு நோட்டும் பேனாவும், கூச்சப்படாமல் கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும்.

முதலில் உங்களைப் பற்றி இரண்டு வாரக் கணக்கு

1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் ஆலோசனைக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். தன்னை அறி, வேலையை அறி, பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வகுத்த வரிசை. நூறாண்டு கடந்தும் இதைவிட நல்ல வரிசை இல்லை. ஆனால் பலரும் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்ற நினைப்புதான் காரணம்.

உண்மையில் அது அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. ஒரு வேலையின் பலன் பிடிப்பதையும், அந்த வேலையைச் செய்வது பிடிப்பதையும் மனம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும். மேடையில் பேசி முடித்ததும் விழுகிற கைதட்டல் பிடித்திருக்கலாம். அதற்கு முன் மூன்று நாள் தனியாக உட்கார்ந்து குறிப்பெடுத்தது பிடிக்காமல் இருந்திருக்கலாம். சம்பளம் அந்த மூன்று நாளுக்குத்தான்.

அதனால் 14 நாள் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து வரி போதும். படிப்பு, வீட்டு வேலை, நண்பர்களுக்குச் செய்த உதவி எல்லாமே கணக்கில் வரும். ஒவ்வொரு வரியிலும் மூன்று விவரம்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், முடித்ததும் எப்படி இருந்தது. தெம்பாக இருந்தால் கூட்டல் குறி, சோர்ந்துபோனால் கழித்தல் குறி, இரண்டும் இல்லையென்றால் பூஜ்யம். இப்படி:

கணக்குத் தாளில் தவறு எங்கே என்று தேடினேன், 2 மணி, கூட்டல். நேரம் போனதே தெரியவில்லை.
இரண்டு பேருக்கு நடுவே சமாதானம் பேசினேன், 40 நிமிடம், கழித்தல்.
அறிமுகமில்லாத ஐந்து பேருக்கு போன் செய்தேன், 30 நிமிடம், கழித்தல். காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

கடைசி வரியில் இருக்கும் "தள்ளிப்போட்டேன்" என்பது தங்கம் மாதிரியான தகவல். செய்து முடித்தபின் மனம் சமாளித்துக்கொண்டு "அவ்வளவு மோசமில்லை" என்று சொல்லிவிடும். தள்ளிப்போட்டதை மட்டும் மறைக்க முடியாது. போனில் அந்நியர்களிடம் பேசுவதை இரண்டு வாரத்தில் நாலு முறை தள்ளிப்போட்டவர், நாளெல்லாம் அதையே செய்கிற விற்பனை வேலைக்குப் போகும் முன் நிச்சயம் யோசிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இரண்டு வகையில் கெட்டுப்போகும். ராத்திரி படுக்கும்போது ஒரேயடியாக எழுதினால், அன்றைய கடைசி மனநிலையே நாள் முழுவதற்கும் குறியாகிவிடும். ஒரு வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். இன்னொன்று, "படித்தேன்" என்று மொட்டையாக எழுதுவது. வாசித்தீர்களா, சுருக்கி எழுதினீர்களா, கணக்குப் போட்டீர்களா, இன்னொருவருக்கு விளக்கினீர்களா? நாலும் நாலு வேறு வேலைகள். நாலுக்கும் வேறு வேறு ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் கூட்டல் குறி விழுந்த வரிகளை மட்டும் எடுத்து, ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-இலிருந்து வளர்த்தெடுத்த ஆறு வகைகளில் எது எதில் சேரும் என்று பாருங்கள். கையாலும் கருவியாலும் செய்வது, ஆராய்வது, புதிதாகப் படைப்பது, பிறருக்குக் கற்றுக்கொடுப்பது அல்லது உதவுவது, பேசி இணங்கவைத்து முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்திக் கணக்கு வைப்பது. இன்று கிடைக்கிற ஆர்வத் தேர்வுகளில் பல இந்தப் பிரிப்பின் மேல் எழுந்தவைதான். அதிகம் விழுந்த இரண்டு வகையைக் குறித்துக்கொண்டால் போதும். இது திசையை மட்டுமே காட்டும். ஆர்வம் இருப்பதாலேயே திறமை இருப்பதாக ஆகாது, ஆனால் ஆர்வம் இருந்தால் திறமையை வளர்க்கிற பயிற்சி பாரமாகத் தெரியாது.

வேலையின் ஒரு நாளைக் கண்ணால் பார்ப்பது

விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள். அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். தயாரிக்க, சரிபார்க்க, பேச, தொகுக்க, பின்தொடர, அறிக்கை அனுப்ப. "துடிப்பான", "சவாலான", "குடும்பம் போன்ற" ஆகிய அடைமொழிகளை அடித்துவிடுங்கள். மிஞ்சுகிற வினைகளை உங்கள் நோட்டில் உள்ள கூட்டல் வரிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்குமேல் கழித்தல் பக்கம் விழுந்தால், பதவியின் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அங்கேயே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரே ஆளிடம் கணக்கு, வடிவமைப்பு, விற்பனை மூன்றும் கேட்டிருந்தால், இதற்கு முன் இவற்றை எத்தனை பேர் செய்தார்கள் என்று இன்டர்வியூவில் கேட்பதற்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த வேலையை இப்போது செய்துகொண்டிருக்கும் இரண்டு பேரிடமும், விட்டுவிட்டுப் போன ஒருவரிடமும் பேசுங்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாக யாராவது கிடைப்பார்கள். 20 நிமிடம் கேளுங்கள். 20 நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லைங்க, போகுது" என்பதுதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக:

"நேத்து உள்ளே நுழைஞ்சதிலிருந்து கிளம்புற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?"
"போன வாரம் எந்த வேலைக்கு அதிக நேரம் போச்சு?"
"சேரும்போது சொல்லாம விட்டது எது?"
"எப்படிப்பட்ட ஆள் இங்க மூணு மாசம்கூடத் தாங்க மாட்டாங்க?"

நாலாவது கேள்விக்கு வருகிற பதிலைக் கவனமாகக் கேளுங்கள். கம்பெனியைக் குறை சொல்லச் சங்கடப்படுகிறவர்கூட, தாங்காமல் போன ஆளைப் பற்றித் தயங்காமல் பேசுவார். அந்த ஆளின் வர்ணனை உங்களைப் போல இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஒருவர் தன் நாளை இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: உணவு இடைவேளை உட்பட 9 மணி நேர ஷிப்ட், ஒரு நாளைக்கு 45 அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடப் பேச்சு, பேசி முடித்ததும் கணினியில் குறிப்பு எழுத 2 நிமிடம். பெருக்கிப் பாருங்கள். 45 தடவை 8 நிமிடம் என்றால் 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம். மீதி 3 மணி நேரத்தில் உணவு இடைவேளை 1 மணி, சிறு இடைவேளைகள் அரை மணி, டீம் கூட்டம் அரை மணி. ஆக 1 மணி நேரம்தான் மிச்சம். அதிலும் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் துண்டு துண்டான நேரமே அதிகம். இதில் நல்லது கெட்டது என்று ஒன்றுமில்லை. பேச்சில் தெம்பு பெறுகிறவருக்கு இது நல்ல நாள். ஒரு பிரச்சினையோடு இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்தால்தான் திருப்தி என்கிறவருக்கு இந்த நாளில் அதற்கு இடமே இல்லை. "வாடிக்கையாளர்களுக்கு உதவும் வேலை" என்ற வாக்கியத்திலிருந்து இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெருக்கல் கணக்கு போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முடிந்தால் ஒரு நாள் கூடவே இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தாலும் நஷ்டமில்லை. அதுவும் முடியாத இடத்தில், அந்த வேலையின் ஒரு துண்டை வீட்டில் செய்து பாருங்கள். பிழைதிருத்தம் என்றால் 30 பக்கம், தரவு வேலை என்றால் பொதுவில் கிடைக்கும் ஒழுங்கற்ற பட்டியல் ஒன்றைச் சுத்தம் செய்வது. தொடர்ந்து 4 மணி நேரம் செய்ய வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லா வேலையும் சுவாரசியமாகத்தான் இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறோம். நிறுவனமே மாதிரி வேலை கொடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம் வரை நியாயம். சம்பளமில்லாமல் நாள்கணக்கில் செய்யச் சொன்னால், அது தேர்வு என்ற பெயரில் வேலை வாங்குவது.

சம்பளத்தை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்

இரண்டு வேலைகளை மாதச் சம்பளத்தால் ஒப்பிடுவது ஏமாற்றும். முதல் வேலைக்கு மாதம் 1000 பங்கு சம்பளம் என்று வைத்துக்கொள்வோம் (பங்கு என்பது கணக்குக்கான ஓர் அலகு, எந்த நாணயமாகவும் இருக்கலாம்). வாரம் 5 நாள், 45 மணி நேர வேலை, போக அரை மணி, வர அரை மணி. ஆக வாரத்துக்கு 50 மணி. இரண்டாவதில் 1200 பங்கு. வாரம் 6 நாள், 54 மணி நேர வேலை, போக ஒன்றரை, வர ஒன்றரை. ஆக 72 மணி. மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்தால் 200 மணியும் 288 மணியும். போக்குவரத்துச் செலவு முதலாவதில் 30, இரண்டாவதில் 100 என்று கழியுங்கள். முதல் வேலை மணிக்கு 4.85 தருகிறது, இரண்டாவது 3.82 தான். "200 அதிகம்" என்று தெரிந்த வேலை, மணிக்கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இன்னொரு கழித்தலும் உண்டு. வாரத்தில் 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போனால், முதல் வேலையில் உங்களுக்கென்று 62 மணி மிஞ்சும், இரண்டாவதில் 40. அந்த 40-க்குள்தான் வீட்டு வேலை, உறவுகள், உடம்பு, மேற்படிப்பு எல்லாம் அடங்க வேண்டும்.

1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அதே அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி அல்லது அதற்குமேல் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆகவே "எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்பது சோம்பேறித்தனம் ஆகாது. அதையும் "போன வாரம் டீம்ல எல்லாரும் எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?" என்று கேளுங்கள். விதி என்ன என்பதைவிட நடப்பு என்ன என்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

சம்பளத்தில் ஒரு பகுதி டார்கெட்டைப் பொறுத்தது என்றால், அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டு ஏமாறாதீர்கள். "போன வருஷம் டீம்ல நடுவுல இருக்கிற ஆளுக்கு எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், அந்தப் பகுதியைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மேலே இருப்பவரும், கையில் இருக்கும் அதிகாரமும்

1979-இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டினார். வேலைப் பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை. பளு அதிகமாகவும், எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் சுதந்திரம் குறைவாகவும் சேர்ந்து வரும்போதுதான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. வேலை கடினமா என்பதோடு, எந்த முடிவை நான் கேட்காமல் எடுக்கலாம் என்பதையும் கேட்பதற்கு இதுதான் காரணம்.

நேரடி மேலாளர் யார் என்று தெரியாமல் எந்த வேலையையும் ஏற்க வேண்டாம். எச்.ஆர். மட்டும் பேசி முடித்துவிட்டால், "யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறேனோ அவரிடம் 15 நிமிடம் பேச வேண்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவரிடம் மூன்று கேள்விகள் போதும். இந்த இடத்தில் எனக்கு முன் இருந்தவர் என்ன ஆனார்? முதல் மூன்று மாதத்தில் நான் எதைச் செய்து முடித்தால் நீங்கள் திருப்தி அடைவீர்கள்? கடைசியாக டீமில் ஒரு தவறு நடந்தபோது என்ன செய்தீர்கள்?

முன்னால் இருந்தவர் பதவி உயர்ந்து போயிருந்தால் நல்லது. மூன்று ஆண்டில் மூன்று பேர் மாறியிருந்தால், கோளாறு அந்த மூன்று பேரிடமும் இருக்க வாய்ப்புக் குறைவு. தவறைப் பற்றிய பதிலில் ஆளின் பெயர் முன்னால் வருகிறதா, நடைமுறையில் செய்த மாற்றம் முன்னால் வருகிறதா என்று கவனியுங்கள். நாளைக்கு உங்கள் தவறும் அதே வாயால்தான் பேசப்படும்.

ஆஃபர் லெட்டர்

வாயால் சொன்னது தாளில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்: பதவி, வேலை செய்யும் இடம், இடமாற்ற நிபந்தனை, ஷிப்ட், நிலையான சம்பளம், புரொபேஷன் (தகுதிகாண்) காலம், நோட்டீஸ் காலம் (விலகும் முன் அறிவிக்க வேண்டிய நாட்கள்), பாண்டு (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்). நோட்டீஸ் இரண்டு பக்கமும் ஒரே அளவா? நீங்கள் 90 நாள் தர வேண்டும், அவர்கள் 7 நாளில் அனுப்பலாம் என்று இருந்தால் பேசிப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். காட்டிச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தருவதற்குப் பணம் கேட்டால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதை சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997 உடன்படிக்கையே பொது விதியாக வைத்திருக்கிறது.

முடிவெடுப்பது

பலரும் ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு. சம்பளத்துக்கு 10, மேலாளருக்கு 1 என்று வந்தாலும் கூட்டுத்தொகை நன்றாகவே தெரியும். ஆனால் அந்த 1, தினமும் காலையில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். 1959-இல் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு சொன்னதும் இதைத் தொட்டதுதான்: அதிருப்தி தருகிற காரணங்கள் வேறு, திருப்தி தருகிற காரணங்கள் வேறு. சம்பளமும் வேலைச்சூழலும் சரியாக இருந்தால் புலம்பல் குறையும். அதனாலேயே வேலையில் பிடிப்பு வந்துவிடாது.

ஆகவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். இன்டர்வியூவுக்குப் போகும் முன்பே மூன்று நிபந்தனைகளை எழுதி வையுங்கள். மூன்றுதான், பத்து வேண்டாம். "மணிக்கு இவ்வளவுக்குக் கீழே வேண்டாம்", "இரவு ஷிப்ட் முடியாது", "கற்றுக்கொடுக்க அனுபவமுள்ள ஒருவராவது டீமில் இருக்க வேண்டும்" என்பதுபோல. ஒன்று தவறினாலும் வேண்டாம். ஆஃபர் கைக்கு வந்த பிறகு எழுதினால், அந்த ஆஃபருக்கு ஏற்றபடிதான் நிபந்தனை எழுதுவீர்கள். மூன்றும் தேறினால் மட்டும் செவ்வாய்க்கிழமையின் மணி நேரங்களைக் கூட்டல், கழித்தல் என்று பிரியுங்கள். பாதி நேரமாவது கூட்டலிலும் பூஜ்யத்திலும் விழ வேண்டும். முழுக்கக் கூட்டலாக இருக்கும் வேலை எங்கும் இல்லை. அதைத் தேடி அலைய வேண்டாம். பதில் சொல்ல 48 மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள்.

கடன் கழுத்தை நெரிக்கிறது, வீட்டில் வருமானம் இல்லை என்றால், பொருந்தாத வேலையையும் ஏற்கத்தான் வேண்டியிருக்கும். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. ஒரு தேதியை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள்: இத்தனை மாதத்தில் இவ்வளவு சேமிப்பு, இந்த ஒரு திறமை, பிறகு அடுத்த தேடல். தேதி இல்லாமல் "கொஞ்ச நாளைக்கு" என்று போனால், அந்தக் கொஞ்ச நாள் ஆண்டுகளாக நீண்டுவிடும்.

சேர்ந்த பிறகு

2005-இல் வெளியான ஓர் ஆய்வு, வேலை மாறிய மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்தது. புது வேலையில் சேர்ந்ததும் திருப்தி ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. முதல் வாரத்தின் உற்சாகத்தையோ, அதன் பிறகு வரும் முதல் சரிவையோ வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல ஆதாரம். 30, 90, 180 ஆகிய நாட்களில் பழைய நோட்டை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் அதே கணக்கை எழுதுங்கள்.

புதிது என்பதால் கஷ்டமா, பொருந்தாததால் கஷ்டமா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே சிக்கலான இடம். புதிதாக இருப்பதால் வரும் கஷ்டம் வாரத்துக்கு வாரம் முகம் மாறும். முதல் மாதம் செய்த தவறு மூன்றாவது மாதம் இருக்காது. வேறு ஒன்று இருக்கும். பொருந்தாமை வேறு மாதிரி. வேலை கைவந்துவிட்டது, தவறு குறைந்துவிட்டது, பாராட்டும் கிடைக்கிறது; ஆனாலும் அதே வரிக்கு அதே கழித்தல் குறி. நன்றாகச் செய்ய வருகிற வேலையே சோர்வைத் தருகிறது என்றால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

அப்படித் தெரிந்த உடனே ராஜினாமா வேண்டாம். வேலையைக் கொஞ்சம் வளைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மேலாளரிடம் முழு மாற்றம் கேட்காமல் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள்: "வாராந்திர அறிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன், பின்தொடர்தல் அழைப்புகளில் பாதியை இவர் எடுக்கட்டும், ஆறு வாரம் பார்க்கலாம்." ஆறு வாரத்துக்குப் பிறகு குறிகள் மாறியிருந்தால், பிரச்சினை வேலையில் இல்லை, அது கலந்திருந்த விகிதத்தில் இருந்திருக்கிறது.

மாறவில்லையென்றால் உடம்பையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன் மேல் கசப்பு, செயல்திறன் குறைதல். அதை ஒரு நோயாகச் சேர்க்காமல், சரியாகக் கையாளப்படாத பணி அழுத்தத்தின் விளைவாகவே வைத்திருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள். தூக்கமும் கெட்டுப்போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

சாதாரணமாக, அடுத்த ஆஃபர் தாளில் வந்த பிறகு விலகுவதுதான் பாதுகாப்பு. சம்பளம் தராமல் இழுத்தடிப்பது, உயிருக்கு ஆபத்தான வேலையிடம், பாலியல் தொல்லை, சட்டத்துக்குப் புறம்பானதைச் செய்யச் சொல்வது, இந்த நான்கிலும் மட்டும் காத்திருக்க வேண்டாம். விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே உங்கள் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வருகைப் பதிவு, இது தொடர்பாக உங்களுக்கு வந்த மெயில்கள் ஆகியவற்றின் நகலைச் சொந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள். கடிதம் போன மறுநிமிடமே அலுவலகக் கணினியின் கடவுச்சொல் வேலை செய்யாமல் போகலாம்.